ஒன்பதாவது புள்ளி

எனக்கு நாய் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் மறைத்ததால்தான் இவ்வளவும் நடந்தது. மலைப்பாம்பைப் பிடித்து நீளம் அளந்திருக்கிறேன். அட்டைகள் என் காலுறைக்குள் புகுந்து வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போயிருக்கின்றன. அதையெல்லாம் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. ஆனால் ஒரு நாய் காதை விறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தால் போதும், வந்த வழியே திரும்பி ஓடிவிடுவேன்.

என் வேலை உயிரினங்களைக் கணக்கெடுப்பது. காடோ தோட்டமோ போய் வீடுகள் வருகிற இடங்களில் என்னென்ன பறவை, பாம்பு, தவளை இன்னும் மிச்சமிருக்கின்றன என்று மாதாமாதம் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டுமான அனுமதியிலேயே அப்படி ஒரு நிபந்தனை இருக்கும். அதற்காகக் கம்பெனிக்காரர்கள் எங்களைப் போன்ற சின்ன அலுவலகங்களை அமர்த்துவார்கள். எங்கள் ஊர் கிள்ளானில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு ஆன்டி, "இன்னும் அந்த ஸூவுலதான் வேலையா?" என்று கேட்பார். விளக்கி விளக்கி அலுத்துப்போய் இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். யானைக்குச் சாப்பாடு போட்டாச்சா என்று ஒருவர் கேட்டார். போட்டாச்சு என்றேன்.

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. மொத்தமே ஆறு பேர். அதைத் தொடங்கி நடத்துகிறவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லித்தான் பார்த்தார், எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. பாஸ் என்றே நிலைத்துவிட்டது. பாஸ் கோபப்பட்டால் கத்த மாட்டார். பேச்சைக் குறைத்துக்கொள்வார். அதற்குப் பேசாமல் கத்திவிடலாம் என்று எங்களுக்குத் தோன்றும்.

அந்த வருடம் எனக்குக் கொடுத்த இடம் செமினி. பழைய செம்பனைத் தோட்டத்தை அழித்து வீடமைப்புத் திட்டம் வந்துகொண்டிருந்தது. அங்கே எனக்குப் பன்னிரண்டு புள்ளிகள். புள்ளி என்றால் வரைபடத்தில் குறித்து வைத்த ஓரிடம். காலையில் அங்கே போய்ப் பத்து நிமிடம் அசையாமல் நின்று, சுற்றிலும் கண்ணில் பட்ட பறவைகளையும் காதில் விழுந்த பறவைகளையும் எழுத வேண்டும். பிறகு அடுத்த புள்ளி. பன்னிரண்டையும் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.

ஒன்பதாவது புள்ளி ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்தது. சாலை போடுவதற்காகக் கொண்டுவந்து கொட்டிய மணல்; ஒரு வருடமாக அப்படியே கிடந்து, மேலே புல் முளைத்து, ஒரு பக்கம் மட்டும் மண்வாரி இயந்திரம் வெட்டிய சுவர் போல நின்றது. அதற்குப் போகிற வழியில் காவல்காரரின் கொட்டகை. கொட்டகையில் ஐந்து நாய்கள்.

மார்ச் மாதம் முதல்முறை போனபோது ஐந்தும் சேர்ந்து என்னை எட்டாவது புள்ளி வரை துரத்தின. அங்கிருந்தே மணல்மேட்டை எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பஞ்சுருட்டான்கள் சில கம்பியில் உட்கார்ந்து தட்டான் பிடித்துக்கொண்டிருந்தன. பச்சை உடம்பும் நீலத் தொண்டையுமாக அழகான பறவைகள்தான், ஆனால் போகிற போக்கில் எங்கும் உட்காரக்கூடியவை. எட்டாவது புள்ளியில் 'பறந்து கடந்தவை' என்று எழுதிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

சாயங்காலம் கணக்கைக் கைக்கணினியில் ஏற்றும்போதுதான் சிக்கல். எங்கள் செயலியில் எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது. 'பார்க்கவில்லை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் காரணம் கேட்கும். என்ன எழுதுவது? ஏழு வருடம் களத்தில் வேலை பார்த்தவள், நாய் என்று எழுதுவதா? பாஸ் படிப்பார், மற்ற நான்கு பேரும் படிப்பார்கள், வருடக் கடைசி விருந்து வரை அதைச் சொல்லியே சிரிப்பார்கள். சைபர் என்று தட்டினேன். செயலி மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டது.

வெளியாட்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் தொழிலில் சைபர் மிகக் கனமான எண். நான் போனேன், நின்றேன், பார்த்தேன், அங்கே எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுச் சொல்வது அது. பார்க்காத இடம் வேறு, இல்லாத இடம் வேறு. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம். எனக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் செய்தேன். ஏப்ரலிலும் செய்தேன், மே தொடக்கத்திலும் செய்தேன். மூன்றாவது முறை விரல் தானாகவே போயிற்று.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, அடுத்த கணக்குக்காக மறுபடி போயிருந்தேன். அந்தத் தளத்தின் சூப்பர்வைசர் ஒரு தமிழர், ரவாங்கிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வருகிறவர். பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதோடு சரி, அதிகம் பேச மாட்டார். அன்று பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேத்தண்ணீரை ஆட்டியபடி என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, திங்கக்கிழம அந்த மணல அள்ளப் போறாங்க. உள்ள இருக்கிற பச்சக் குருவிங்கள என்ன செய்யப் போறீங்க?"

மணலுக்கு உள்ளேயா என்று கேட்டேன்.

"ஆமாலா. பிப்ரவரியில சீனப் பெருநாள் லீவு முடிஞ்சு வந்ததுலேருந்து ஓட்ட போட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. இப்போ குஞ்சு கத்துது. நீங்கதான் மாசா மாசம் வரீங்களே, பார்த்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நான் அங்கே போகாததே அவருக்குத் தெரியாது. அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது.

அண்ணே, என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். நாய்களைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கொட்டகைக்குப் போய், காலையில் மிச்சமான ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டார். ஐந்தும் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டன. நான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்து, மூன்று மாதங்களாகப் போகாத என் ஒன்பதாவது புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மணல்சுவர் முழுக்க ஓட்டைகள். கை நுழையும் அளவுக்கு ஒவ்வொன்றும். ஒரு பஞ்சுருட்டான் தட்டானைக் கவ்விக்கொண்டு வந்து, ஓட்டைக்குள் நேராகப் புகுந்து, அலகில் ஒன்றுமில்லாமல் வெளியே வந்து பறந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. சில ஓட்டைகளின் வாயிலேயே குஞ்சுகள் தலையை நீட்டிக்கொண்டு தீனிக்குக் கத்தின. ஒன்றுமில்லாத வெறும் மணல், அதற்குள் ஒரு கம்பமே, முழுக் கிராமமே குடியிருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தேழு ஓட்டைகளுக்குத் தீனி போயிற்று. ஏழு வருடத்தில் நான் பார்த்த மிக அழகான காட்சி அது. எனக்கு அழுகை வந்தது. அதில் சந்தோஷம் எவ்வளவு, வெட்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கூடுகளைப் பற்றித்தான் சொன்னேன், சைபர்களைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் உடனே கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டு, மறுநாள் சனிக்கிழமை காலை தளத்திலேயே சந்திக்க ஏற்பாடு செய்தார்.

பொறியாளர் ஒரு சீனர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குச் சாலை ஒரு மாதம் பிந்திவிட்டது, மேலிடத்திலிருந்து தினமும் கேள்வி. கேபினுக்குள் என் மூன்று மாத அறிக்கைகளையும் அச்சிட்டு வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

பறவைகளுக்கு இன்னும் எவ்வளவு நாள் வேண்டும் என்று கேட்டார். குஞ்சுகள் பறக்க நான்கு வாரம் என்றேன். சரி, ஓட்டை தோண்டி முட்டையிட்டுக் குஞ்சு இந்த அளவுக்கு வளர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று பாஸ் சொன்னார். பொறியாளர் அறிக்கையில் ஒன்பதாவது வரியைப் பேனாவால் தட்டினார். மார்ச், கோசோங். ஏப்ரல், கோசோங். மே, கோசோங். மூன்று மாதமும் நீங்களே சைபர் போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் இவை இந்த மாதம் வந்தவை, உள்ளே குஞ்சு இருக்க முடியாது, விரட்டிவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். இல்லை, குஞ்சு இருக்கிறது என்றால் இந்தத் தாள் தப்பு. இரண்டில் எது என்று கேட்டார்.

வாசலில் நின்ற சூப்பர்வைசர் எனக்காக, போன மாதம் முழுக்க மழை, தூரத்திலிருந்து ஒன்றும் தெரிந்திருக்காது என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார். நல்ல மனசு. அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பாஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நேற்றே கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்துகொண்டே, நானாகச் சொல்கிறேனா என்று காத்திருந்தார்.

அந்த நிமிடத்தில் என் மனதில் என்னென்னவோ ஓடியது. என் வேலை ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. பொய்க் கணக்கு எழுதியவள் என்று பெயர் வந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தத் தொழிலில் வேறு யார் வேலை தருவார்கள்? எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இன்னொரு பக்கம் முப்பத்தேழு ஓட்டை. அந்தத் தாள் உண்மை என்று நான் நின்றால் திங்கட்கிழமை லோரி வரும், அவ்வளவுதான்.

மலாயில்தான் சொன்னேன்.

"சாயா தா தெங்கோ." நான் பார்க்கவில்லை.

மூன்று மாதமுமா என்று கேட்டார். மூன்று மாதமும் என்றேன். ஏன்? நாய்க்குப் பயந்து என்றேன். சூப்பர்வைசர் தன் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் இத்தனை மாதம் பயந்த சிரிப்பு மட்டும் வரவே இல்லை. பொறியாளர் முகம் இன்னும் இறுகியது. அப்படியென்றால் நேற்று முப்பத்தேழு என்று எழுதியதை மட்டும் நான் எப்படி நம்புவது என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நம்ப வேண்டாம், வந்து நீங்களே பாருங்கள் என்றேன்.

வந்தார். தேய்த்த சட்டையோடு மணலில் நின்றார். பத்து நிமிடம் அசையக் கூடாது, பேசக் கூடாது என்று சொன்னேன், அப்படியே நின்றார். ஆறாவது நிமிடமோ ஏழாவது நிமிடமோ ஒரு பறவை, அதைவிடப் பெரிதாகத் தெரிந்த ஒரு சிவப்புத் தட்டானோடு அவர் தலையை உரசுவது போல வந்து உள்ளே நுழைந்தது. அவர் கைத்தொலைபேசியை எடுத்தார். பத்து நிமிடம் முடிந்தபின்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். என் மகளுக்குக் காட்ட வேண்டும் என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு மறுபடியும் பொறியாளரானார். நான்கு வாரம் தருகிறேன், அதுவரை மணலை அந்தப் பக்கத்துக் குவியலிலிருந்து எடுப்போம், தூரம் கூடுதல்தான், பார்த்துக்கொள்கிறோம். அறிக்கையில் நடந்த தவற்றை எழுத்தில் கொடுங்கள். ஒரு நாள் கூடத் தள்ளிப்போகக் கூடாது. இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்.

மேட்டைச் சுற்றி நான் சிவப்பு வெள்ளை நாடா கட்டினேன். சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாடாவெல்லாம் லோரிக்காரன் அறுத்துட்டுப் போய்ட்டே இருப்பான்." மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவரே நான்கு கம்பு நட்டு, மஞ்சள் துணி சுற்றி, உச்சியில் வேப்பிலைக் கொத்து கட்டி, குங்குமமும் வைத்துவிட்டார். அங்கே ஓடுகிற லோரி ஓட்டுநர்களில் பாதிக்கு மேல் நம் ஆட்கள். அந்த நான்கு வாரமும் ஒரு சக்கரம் கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு ஓட்டுநர் எலுமிச்சம்பழம் கூட வைத்துவிட்டுப் போனார். அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்று யோசித்து, 'எல்லை அடையாளம் உள்ளூர் முறைப்படி அமைக்கப்பட்டது' என்று எழுதினேன். அது பொய் இல்லை.

அந்தச் சந்திப்பு முடிந்து சனிக்கிழமை திரும்பும்போது பாஸ் காரில் காஜாங் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"உன்னோட ஏழு வருஷத் தாளையும் எடு. நீ சத்தியம் பண்ண முடியாத சைபர் எங்கெங்க இருக்குன்னு குறி. ஒண்ணு கூட விடாத."

அது ஒரு தண்டனை என்றுதான் முதலில் நினைத்தேன். பூக்கடை வாசம் வருகிற அந்த மேல்மாடியில் மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். இன்னும் நான்கு கிடைத்தன. டெங்கில் என்ற ஊரில் இடி இறங்கிய ஒரு காலை, பாதியில் ஓடி வந்துவிட்டேன். வேறோர் இடத்தில் முட்டியளவு சேறு. ஒன்றில் காய்ச்சல். கடைசி ஒன்றுக்குக் காரணமே இல்லை, சோம்பல். நான்கையும் 'பார்க்கவில்லை' என்று மாற்றி, காரணத்தையும் எழுதினேன். சோம்பல் என்றே எழுதினேன். பாஸ் அந்த நான்கு இடத்துக்காரர்களுக்கும் கடிதம் அனுப்பினார். என் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டதற்கு, ஆகஸ்டில் பேசுவோம் என்றார். குரல் குறைந்தே இருந்தது.

இடையில் வாரத்துக்கு இரண்டு முறை செமினிக்குப் போனேன். இரண்டாவது வாரத்தில் ஒரு மழை பிடித்தது, கிள்ளானிலும் வாசல் வரை தண்ணீர். அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது சுவரின் ஒரு மூலை சரிந்து, ஐந்து ஓட்டைகள் மூடிப்போயிருந்தன. ஒரு ஜோடி தட்டானை வாயில் வைத்துக்கொண்டு, இருந்த இடத்தைத் தேடி அந்த ஈர மணலுக்கு முன்னால் வெகு நேரம் படபடத்துக்கொண்டிருந்தது. முப்பத்தேழை அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று எழுதினேன். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று, மிச்சம் இருக்கிறதைப் பாருங்கள் தங்கச்சி என்று மட்டும் சொன்னார்.

மிச்சம் பறந்தன. கடைசி வாரத்தில் ஒரு காலை நான் போனபோது, வேலை தொடங்காமல் நின்ற மண்வாரி இயந்திரத்தின் கையில் வரிசையாகக் குஞ்சுகள் உட்கார்ந்திருந்தன. நிறம் இன்னும் மங்கல்தான், வளர்ந்த பறவைகளுக்கு வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இறகும் வரவில்லை. ஒன்று தட்டானைத் துரத்திப் போய், தவறவிட்டு, தடுமாறித் திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே இன்னொன்றின் மேல் இறங்கியது. இரண்டும் சண்டை போட்டன. இயந்திரத்தை ஓட்டுகிற இந்தோனேசியர் ஓரமாக உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டே, எழுந்து போகிறபோது போகட்டும், எனக்கென்ன அவசரம் என்றார். எட்டரை மணிக்குத்தான் அவர் சாவியைத் திருப்பினார். அவ்வளவு சந்தோஷமான ஒரு தாமதத்தை நான் அதற்குமுன் எந்தக் கட்டுமானத் தளத்திலும் பார்த்ததில்லை.

குறித்த நாளில் மணலை அள்ளிவிட்டார்கள். பொறியாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், நாங்களும் காப்பாற்றினோம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எங்களை மாற்றிவிட்டு வேறு அலுவலகத்தை அமர்த்தப் போகிறார்கள் என்று எங்கள் அலுவலகப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் பாஸ் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பக்கத்தில் இருந்த தாளை என் பக்கம் தள்ளாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே பார்த்தார். செமினித் திட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு, இன்னும் ஒன்றரை வருட வேலைக்குப் பொறியாளர் எழுதியிருந்தார். வேலை எங்களுக்கே, ஆனால் ஒரு நிபந்தனை. சரிதான், என்னை அனுப்பக் கூடாது என்று எழுதியிருப்பார் என்று நினைத்து, எழுந்துவிடலாமா என்று நாற்காலியின் கையைப் பிடித்தேன். பாஸ் மலாயில் இருந்த அந்த வரியை மெதுவாகத் தமிழாக்கிச் சொன்னார்.

"'பார்க்கலன்னு சொன்னாங்களே, அவங்களையே அனுப்புங்க.'"